கைடுடன் ஸ்னோமொபைல் பயணம்: முதல் முறை ஓட்டுபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஸ்னோமொபைல் என்பது பனியின்மேல் ஓடும் மோட்டார் வண்டி. அதில் முதல் தடவை ஏறியவர், வண்டி கொஞ்சம் தடுமாறினால் உடனே ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்பார். ஆக்சிலரேட்டர் இருப்பதோ வலது கட்டைவிரலுக்குக் கீழே. கை இறுகும்போது விரலும் சேர்ந்து இறுகும். நிற்க வேண்டிய நேரத்தில் வண்டி சீறிக்கொண்டு பாயும்.

சில குளிர்காலங்களாகப் புதியவர்களின் குழுக்களோடு கடைசி வண்டியில் போய் வருகிறேன். முன்னால் போகும் அத்தனை பேரும் என்ன செய்கிறார்கள் என்பது அங்கிருந்து நன்றாகத் தெரியும். நான் பார்த்த தடுமாற்றங்களில் பெரும்பாலானவை அந்தக் கட்டைவிரலில்தான் தொடங்கின. மிச்சத்தில் பாதி, வண்டியில் ஏறுவதற்கு முன்பே உடையிலும் காலுறையிலும் தொடங்கிவிட்டவை. அதனால் செய்ய வேண்டியதை வரிசைப்படியே சொல்கிறேன். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு.

1. பதிவு செய்வதற்கு முன் கேட்க வேண்டியவை

முதல் பயணத்துக்கு 2 மணி நேரம் தாராளமாகப் போதும். கட்டைவிரலால் ஒரு ஸ்பிரிங்கை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். பழக்கமில்லாத கைக்கு ஒரு மணி நேரத்திலேயே முன்கை வலிக்க ஆரம்பித்துவிடும். முழுநாள் பயணத்தில் பதிவு செய்துவிட்டு, மதியத்துக்கு மேல் விரலை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். களைத்த கை தாமதமாகத்தான் சொன்னதைக் கேட்கும்.

"2 மணி நேரம்" என்று போட்டிருந்தால், உடை மாற்றுவதும் விளக்கம் கேட்பதும் அதற்குள் அடக்கமா என்று கேளுங்கள். அடக்கம் என்றால் உண்மையில் ஓட்டும் நேரம் அதில் பாதியாகக்கூட இருக்கலாம்.

அடுத்த கேள்வி, ஒரு வண்டிக்கு ஒருவரா, இருவரா? பல இடங்களில் சாதாரணக் கட்டணம் இருவர் பகிர்ந்துகொள்ளும் வண்டிக்குத்தான். தனி வண்டி வேண்டுமென்றால் கூடுதலாகக் கட்ட வேண்டும். ஓட்டிப் பழகத்தான் போகிறீர்கள் என்றால் தனி வண்டி எடுப்பது நல்லது என்பது என் கருத்து. பின்னால் ஒருவர் இருந்தால் வண்டி கனமாகும். திருப்பத்தில் உங்கள் உடம்பைச் சாய்ப்பது மட்டும் போதாது, அவரும் சாய வேண்டும். பகிரத்தான் போகிறீர்கள் என்றால், பாதி வழியில் ஆள் மாறலாமா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

பாதையைப் பற்றியும் கேளுங்கள். சமன்செய்த அகலமான காட்டுப்பாதையும் உறைந்த ஏரியும் புதியவருக்கு ஏற்றவை. மலைச்சரிவும் ஆழமான புதுப்பனியும் அடுத்த தடவைக்கு இருக்கட்டும்.

குழந்தைகள் வருகிறார்களா? வயது, உயர வரம்பு இடத்துக்கு இடம் மாறும். சிறு குழந்தைகளைப் பெரும்பாலும் கைடின் வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கும் சறுக்கு வண்டியில் உட்கார வைப்பார்கள். கர்ப்பிணிகளை அநேகமாக எங்கும் ஏற்றமாட்டார்கள். அதிர்வும் திடீர்க் குலுக்கலும்தான் காரணம். முதுகிலோ கழுத்திலோ அறுவைச் சிகிச்சை நடந்திருந்தால், பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். பனியில் சின்ன மேடுகூட முதுகெலும்பு வரை எட்டும்.

2. உரிமம், காப்பீடு, கையெழுத்து

ஃபின்லாந்தின் லாப்லாந்து, ஐஸ்லாந்தின் லாங்யோகுல் பனிப்பாறை, அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா என எங்கே போனாலும், ஓட்டுபவரிடம் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் கேட்பார்கள். அசல் அட்டையைக் கையில் வைத்திருங்கள். போனில் இருக்கும் படத்தை ஏற்காத இடங்கள் நிறைய. உரிமம் இல்லாதவர் பின்னால் உட்கார்ந்து வரலாம், ஓட்ட முடியாது. பாதி வழியில் ஆள் மாறுவதாக இருந்தால் இருவருக்கும் உரிமம் வேண்டும். இதைக் கவனிக்காமல் வந்து, ஆசையோடு காத்திருந்தவர் கடைசிவரை பின்னாலேயே உட்கார்ந்து வந்ததும் நடந்திருக்கிறது.

பயணக் காப்பீடு எடுத்திருக்கிறோம் என்று சும்மா இருந்துவிடாதீர்கள். பல காப்பீடுகளில் மோட்டார் பொருத்திய பனி விளையாட்டுகள் விலக்குப் பட்டியலில் இருக்கும். "ஸ்னோமொபைல்" என்ற சொல்லைத் தேடிப் படியுங்கள். இல்லையென்றால் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

வண்டிக்குச் சேதம் வந்தால் யார் பொறுப்பு என்பது வேறு விஷயம். கிளம்பும் முன் நீங்கள் கையெழுத்திடும் தாளில் ஒரு தொகை இருக்கும். சேதம் ஏற்பட்டால் அந்தத் தொகை வரை உங்கள் பொறுப்பு. கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் அந்தப் பொறுப்பைக் குறைத்துக்கொள்ளும் வசதியும் பல இடங்களில் உண்டு. அதைக் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள். உங்களுக்குக் கொடுத்த வண்டியின் முன்பக்கம், கண்ணாடித் தடுப்பு, முன்னால் இருக்கும் இரண்டு ஸ்கீக்கள் (சறுக்குப் பலகைகள்) ஆகியவற்றை ஏறும் முன்பே போனில் படமெடுத்து வையுங்கள். பழைய கீறலுக்கு நீங்கள் பொறுப்பாக வேண்டியதில்லை.

3. உடை: உள்ளிருந்து வெளியே

மைனஸ் 10 டிகிரி குளிரில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகும்போது, காற்று படும் தோலுக்கு அது மைனஸ் 21 டிகிரி போலத் தெரியும். வெப்பநிலை மைனஸ் 20 என்றால் அதே வேகத்தில் மைனஸ் 34. வானிலை அறிக்கையில் பார்த்த எண்ணுக்கு உடுத்திக்கொண்டு வருபவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

முதல் அடுக்கில் பருத்தி வேண்டாம். பனியனும் ஜீன்ஸும் பருத்திதான். வண்டியைத் திருப்பி, தூக்கி, தள்ளும்போது வியர்க்கும். பருத்தி அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் உட்கார்ந்து காற்றில் போகும்போது அந்த ஈரமே உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். மெல்லிய கம்பளி அல்லது பாலியஸ்டர் உள்ளாடை போடுங்கள். அதன்மேல் ஃபிளீஸ் அல்லது கம்பளிச் சட்டை. வெளி அடுக்கு காற்றைத் தடுக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துண்டாக வரும் தடித்த உடையையும் பூட்ஸையும் ஹெல்மெட்டையும் அவர்களே தருவார்கள். உள் அடுக்குகள் மட்டும் உங்கள் பொறுப்பு.

இனி காலுறை. புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு இதுதான். குளிருக்குப் பயந்து இரண்டு, மூன்று ஜோடி காலுறை போட்டு, பூட்ஸுக்குள் காலைத் திணித்துக்கொண்டு வருவார்கள். கால் இறுகினால் ரத்த ஓட்டம் குறையும். கதகதப்பான காற்று நிற்க உள்ளே இடமும் இருக்காது. இரண்டும் சேர்ந்து விரல்களை மரத்துப்போக வைக்கும். ஒரு தடவை முதல் நிறுத்தத்திலேயே ஒருவர் காலை உதைத்துக்கொண்டு நின்றார். பூட்ஸைக் கழற்றச் சொன்னால் அது வரவே மாட்டேன் என்கிறது, அவ்வளவு இறுக்கம். ஒரு காலுறையை உருவி எடுத்தபின் அடுத்த நிறுத்தத்தில் அவர் சாதாரணமாக நின்றுகொண்டிருந்தார். ஒரு தடித்த கம்பளிக் காலுறையும், உங்கள் அளவைவிட ஒரு அளவு பெரிய பூட்ஸும் போதும். உள்ளே விரல்களை ஆட்ட முடிகிறதா என்று பார்த்துவிட்டு வெளியே போங்கள்.

கைக்கு, ஐந்து விரலும் தனித்தனியாக இருக்கும் உறையைவிட நான்கு விரல் சேர்ந்து கட்டைவிரல் மட்டும் தனியாக இருக்கும் உறை கதகதப்பானது. உள்ளே மெல்லிய கையுறை ஒன்று போட்டுக்கொண்டால், போனை எடுக்கும்போது கை வெறுமையாகாது. பெரும்பாலான வண்டிகளின் ஹேண்டிலிலும் ஆக்சிலரேட்டரிலும் சூடேற்றி உண்டு. அந்த ஸ்விட்ச் எங்கே என்று கிளம்பும் முன்பே கேளுங்கள்.

தலைக்கு, மங்கி கேப் போலக் கண் மட்டும் தெரியும் மெல்லிய முகமூடி வேண்டும். தடித்த குல்லா வேண்டாம், அதன்மேல் ஹெல்மெட் சரியாக உட்காராது. நீளத் தொங்கும் மஃப்ளரும் கூடாது. சுற்றும் பாகத்தில் மாட்டினால் கழுத்தை இழுத்துவிடும். கூந்தலைப் பின்னி உடைக்குள் விட்டுவிடுங்கள். காதில் உலோகக் கம்மல் இருந்தால் கழற்றி வையுங்கள். குளிர் அதன் வழியாக நேரே காது மடலில் இறங்கும்.

மூக்குக்கண்ணாடி போடுபவர்கள், அதன்மேல் மாட்டக்கூடிய பெரிய காகிள்ஸ் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். முகமூடியின் மேல் விளிம்பு காகிள்ஸுக்குள் நுழைந்திருந்தால் மூச்சுக்காற்று நேராக உள்ளே போய்ப் படியும். விளிம்பை மூக்குக்குக் கீழே இழுத்துவிட்டால் மூக்கும் கன்னமும் வெறுமையாகும். அதனால் காகிள்ஸின் பஞ்சு விளிம்பு முகமூடித் துணியின் மேல் படிந்து நிற்கும்படி வையுங்கள். இடைவெளியும் இருக்காது, ஆவியும் உள்ளே போகாது. கண்ணாடி முன் நின்று ஒரு தடவை சரிபாருங்கள்.

4. கிளம்பும் முன் கடைசி அரைமணி

கழிப்பறைக்குப் போவது அந்தப் பெரிய உடையைப் போடுவதற்கு முன். வெளியே போனபின் அத்தனை அடுக்கையும் கழற்றுவது லேசான வேலை இல்லை.

ஏதாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள், தண்ணீரும் குடியுங்கள். வெறும் வயிற்றில் உடம்பு சூடு தராது. மது அறவே வேண்டாம், முந்தின இரவு அதிகமாகக் குடித்திருந்தாலும் ஓட்டாதீர்கள். குடித்தால் சூடு வருவதுபோல இருக்கும். ரத்தம் தோலுக்கு வந்து உள்சூடு வெளியேறுவதுதான் அது.

போன் உள்சட்டைப் பையில், உடம்போடு ஒட்டி இருக்கட்டும், ஜிப்பையும் போடுங்கள். குளிரில் லித்தியம் பேட்டரி படபடவென்று இறங்கிவிடும். வெளிப்பையில் வைத்த போன்கள் பனிக்குள் விழுந்து காணாமல் போன கதைகளும் உண்டு.

5. இன்ஜினை இயக்கும் முன் வண்டியைத் தெரிந்துகொள்ளுங்கள்

கைடு விளக்கும்போது படமெடுத்துக்கொண்டிருக்காதீர்கள். அந்தப் பத்து நிமிடம்தான் பயணத்தின் மிக முக்கியமான பகுதி.

முன்னால் இரண்டு ஸ்கீ, அவை திசை காட்ட மட்டும். பின்னால் ஓர் அகலமான ரப்பர் பட்டை, அதுதான் தள்ளுகிறது. பிரேக் பிடிப்பதும் அந்தப் பட்டையில் மட்டும்தான். முன்பக்கத்தில் பிரேக்கே கிடையாது. அதனால் காரைப் போலவோ பைக்கைப் போலவோ சட்டென்று நிற்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

வலது கையில் கட்டைவிரல் ஆக்சிலரேட்டர். இடது கையில் பிரேக். பைக் ஓட்டிப் பழகியவர்கள் இங்கே கூடுதல் கவனம் வைக்க வேண்டும். பைக்கில் பிடியை முறுக்குவீர்கள், முன் பிரேக் வலது கையில் இருக்கும். இங்கே அவசரத்தில் வலது கை விரல்களை மூடினால் கட்டைவிரலும் கூடவே அழுத்தும். பைக் நன்றாக ஓட்டுபவர்கள்தான் முதல் அரைமணியில் அதிகம் தடுமாறுகிறார்கள். ஏறி உட்கார்ந்து, இன்ஜின் ஓடாதபோதே, "கட்டைவிரலை விடு, இடது கையால் பிடி" என்று பத்துத் தடவை செய்து பாருங்கள். பார்ப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

கில் ஸ்விட்ச், வலது கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இருக்கும். அழுத்தினால் இன்ஜின் நின்றுவிடும். பாதுகாப்புக் கயிறு இன்னொன்று. அதன் ஒரு முனை வண்டியில், மறு முனை உங்கள் உடையில். நீங்கள் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு வரும், இன்ஜின் அணைந்துவிடும். ஆளில்லாத வண்டி மரத்தையோ மனிதரையோ நோக்கி ஓடாமல் தடுப்பது இந்தக் கயிறுதான். இறங்கும்போது இடைஞ்சல் என்று மாட்டாமல் விடாதீர்கள்.

பார்க்கிங் பிரேக்கை விடுவித்தாயிற்றா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். அதைப் போட்டபடியே கிளம்பி, "வண்டி இழுக்கவே இல்லையே" என்று இன்னும் அழுத்துவார்கள். கருகிய நாற்றம் வந்த பிறகுதான் கண்டுபிடிப்பார்கள். சூடேறிய பிரேக் அப்புறம் தேவையான நேரத்தில் பிடிக்காது.

6. முதல் நூறு மீட்டர்

ஆக்சிலரேட்டரைத் தொடாமல் சாவியைத் திருப்புங்கள். இன்ஜின் சூடாகட்டும்.

இப்போது கட்டைவிரலை மெல்ல அழுத்தினால் முதலில் எதுவும் நடக்காது. சத்தம் மட்டும் கூடும். இந்த வண்டியில் கியர் கிடையாது. இன்ஜின் சுழற்சி ஓர் அளவை எட்டிய பிறகுதான் கிளட்ச் பெல்ட்டைக் கவ்வும். அதுவரை வண்டி நகராது. இது தெரியாதவர் "ஓடவில்லை" என்று ஓங்கி அழுத்துவார். கிளட்ச் கவ்வியதும் வண்டி ஒரே துள்ளாகத் துள்ளும், அவர் பின்னால் சாய்வார், சாயும்போது பிடியை இறுக்குவார், மறுபடி கட்டைவிரல். நான் பார்த்தவர்களில் ஒரு பெண் கிளம்பிய இடத்திலேயே, பத்து மீட்டரில், ஓரத்துப் பனிமேட்டில் மூக்கைக் குத்தி நின்றார். அடி எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பயம் அடுத்த ஒரு மணி நேரமும் அவர் தோளில் தெரிந்தது.

அதனால் மில்லிமீட்டர் கணக்கில் அழுத்துங்கள். சத்தம் கூடுவதைக் கேட்டுக்கொண்டே பொறுத்திருங்கள். நகர ஆரம்பித்ததும் விரலை அதே அளவில் வையுங்கள்.

கொஞ்ச தூரம் போனதும் கட்டைவிரலை முழுவதுமாக விட்டுப் பாருங்கள். பிரேக் தொடாமலேயே வண்டி கணிசமாக வேகம் குறையும், ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின்களில் இது இன்னும் நன்றாகத் தெரியும். விரலை விட்டால் வண்டி தானாகவே அடங்கும் என்பதை உடம்பு ஒரு தடவை உணர்ந்துவிட்டால், பாதிப் பயம் போய்விடும். இதை ஐந்தாறு தடவை செய்த பிறகுதான் பிரேக்கைப் பழகுங்கள். இடது கை இரண்டு விரல் போதும். கொஞ்சம் பிடித்து, விட்டு, மறுபடி பிடிக்க வேண்டும். ஒரேயடியாகப் பிடித்தால் பட்டை நின்றுவிடும், வண்டி மட்டும் சறுக்கிக்கொண்டே போகும்.

பின்னால் எடுக்க ஒரு பட்டன் இருக்கும். கைடு சொல்லாமல் அதைத் தொட வேண்டாம். உங்கள் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பது ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சரியாகத் தெரியாது.

7. வரிசையில் ஓட்டுவது

எல்லோரும் ஒற்றை வரிசையில் கைடின் தடத்திலேயே போவீர்கள். முந்தக் கூடாது. தடத்தை விட்டு ஓரத்துப் புதுப்பனியில் இறங்கவும் கூடாது. பார்க்க மெத்தை மாதிரி இருக்கும். அடியில் மரக்கட்டையோ பாறையோ ஓடையோ இருக்கலாம். ஒன்றும் இல்லாவிட்டால்கூட வண்டி அதில் புதைந்துவிடும்.

முன்வண்டிக்கும் உங்களுக்கும் இடையில் 30 மீட்டராவது விடுங்கள். வேகம் கூடினால் இன்னும் அதிகம். நெருங்கிப் போனால் முன்வண்டி கிளப்பும் பனித்தூள் உங்கள் காகிள்ஸை மூடிவிடும், அவர் நின்றதே தெரியாது. ரொம்பப் பின்தங்குவதும் சரியில்லை. பின்தங்கியவர் அப்புறம் எட்டிப் பிடிக்க வேகமெடுப்பார், திருப்பம் வருவது அப்போதுதான். உங்களால் அந்த வேகம் முடியவில்லை என்றால் முதல் நிறுத்தத்திலேயே கைடிடம் சொல்லுங்கள். உங்களை அவருக்கு நேர் பின்னால் வைத்துக்கொள்வார். மெதுவாக ஓட்டுபவருக்கான இடம் அதுதான், அதில் எந்தக் குறையும் இல்லை.

பாதை பிரியும் இடத்தில் திரும்பும் முன் பின்னால் வருபவர் உங்களைப் பார்த்துவிட்டாரா என்று உறுதிசெய்யுங்கள். அவர் தெரியவில்லை என்றால் பிரிவிலேயே நில்லுங்கள். ஒவ்வொருவரும் தன் பின்னால் வரும் ஒரே ஒருவரைக் கவனித்தால் போதும், குழு சிதறாது.

கை சைகைகள் எல்லாம் இடது கையில், வலது கை ஆக்சிலரேட்டரில் இருப்பதால். பரவலாக உள்ளவை இவை. கையை நேராக மேலே தூக்கினால் நிற்கப் போகிறோம். பக்கவாட்டில் நீட்டினால் இடப்பக்கம் திரும்புகிறோம். முழங்கையை மடித்து முன்கையை மேலே காட்டினால் வலப்பக்கம். கையைக் கீழ்நோக்கி நீட்டினால் வேகம் குறைகிறது. சிறு வேறுபாடுகள் இருக்கும், உங்கள் கைடு சொல்வதுதான் அன்றைக்குச் சட்டம். முன்னால் இருப்பவர் காட்டியதை நீங்களும் காட்டிப் பின்னால் கடத்த வேண்டும். வண்டி குலுங்கும்போதும் பிரேக் தேவைப்படும்போதும் மட்டும் கையை எடுக்க வேண்டாம்.

வேக வரம்பு இடத்தைப் பொறுத்தது. யெல்லோஸ்டோனில் மணிக்கு 35 மைல், அதாவது சுமார் 56 கி.மீ. ஃபின்லாந்தில் நிலப்பாதையில் 60 கி.மீ., உறைந்த நீர்நிலையின்மேல் 80. புதியவர்களின் குழு அதைவிட வெகு குறைவாகத்தான் போகும்.

8. திருப்பம், குலுங்கும் பாதை, ஏற்றம், ஏரி

திருப்பத்துக்கு முன்பே விரலை விட்டு வேகத்தைக் குறைத்துவிடுங்கள். விரலை விட்டதும் எடை முன்னால் சாய்ந்து ஸ்கீக்கள் பனியைக் கவ்வும். ஹேண்டிலைத் திருப்பி, உடம்பைத் திருப்பத்தின் உள்பக்கம் சாய்த்து, பாதி திரும்பியதும் லேசாக அழுத்துங்கள். வேகத்தோடு நுழைந்து நடுவில் ஹேண்டிலை வெடுக்கென்று திருப்பினால் ஸ்கீக்கள் பிடிக்காமல் வண்டி நேரே போய்விடும்.

கூடவே இன்னொன்று. மரத்தைப் பார்த்துப் பயந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தால் வண்டி அதை நோக்கித்தான் போகும். கண் எங்கே போகிறதோ, தோளும் கையும் அங்கே திரும்பும். போக வேண்டிய பாதையின் தூரத்துப் புள்ளியைப் பாருங்கள்.

முன்னால் போன வண்டிகள் போட்ட பள்ளத்தில் ஸ்கீக்கள் விழும்போது ஹேண்டில் கையில் தானாக இடமும் வலமுமாக ஆடும். இது பலரைக் கலவரப்படுத்துகிறது. வண்டியில் கோளாறு எதுவும் இல்லை. ஸ்கீயின் அடியில் இருக்கும் உலோகப் பட்டை பழைய தடத்தைப் பிடிக்கிறது, அவ்வளவுதான். அந்த ஆட்டத்தோடு மல்லுக்கட்டினால் கை சோர்ந்துவிடும். பிடியைத் தளர்த்தி, திசையை மட்டும் காப்பாற்றினால் போதும்.

அலை அலையாகக் குலுங்கும் பாதையில் முழங்காலை மடித்துப் பாதி எழுந்து நில்லுங்கள். குலுக்கலைக் கால்கள் வாங்கிக்கொள்ளும், முதுகு தப்பிக்கும்.

என்ன ஆனாலும் காலை வெளியே ஊன்றாதீர்கள். சைக்கிளும் பைக்கும் கற்றுக்கொடுத்த பழக்கம் இது. வண்டி 200 முதல் 300 கிலோ வரை இருக்கும். அதை ஒரு காலால் தாங்க முடியாது. பாதம் பனியில் மாட்டிக்கொள்ள வண்டி மட்டும் முன்னால் போனால் முழங்காலோ கணுக்காலோ திருகிக்கொள்ளும். இரண்டு பாதமும் எப்போதும் கால்பலகையில்தான்.

ஏற்றத்தில் முன்வண்டி மேலே போய்ச் சேரும்வரை அடிவாரத்தில் காத்திருங்கள். பிறகு சீராக ஏறுங்கள், நடுவில் நிறுத்தாதீர்கள். இறக்கத்தில் விரலை விட்டு, பிரேக்கை விட்டு விட்டுப் பிடியுங்கள். பக்கவாட்டில் சரிந்த இடத்தைக் கடக்கும்போது மேட்டுப் பக்கமாக உடம்பைச் சாயுங்கள்.

ஏரியின்மேல் போவது பலருக்கு மனதில் உறுத்தும். ஸ்னோமொபைலுக்குத் தெளிவான, கெட்டியான பனிக்கட்டி குறைந்தது 13 செ.மீ. வேண்டும் என்பது பொதுவான கணக்கு. வெண்மையாகத் தெரியும் பனிக்கட்டி இதைவிட வலுக்குறைந்தது, அதனால் அது இன்னும் தடிமனாக இருக்க வேண்டும். ஓடை வந்து கலக்கும் இடத்திலும் பாலத்தின் அடியிலும் பனிக்கட்டி மெலிந்திருக்கும். இதையெல்லாம் பார்த்துத் தடம் போடுவது கைடின் வேலை, அந்தத் தடத்திலேயே போவது உங்கள் வேலை. சில நேரம் மேலே விழுந்த பனியின் கனத்தால் பனிக்கட்டி அமுங்கி, விரிசல் வழியே தண்ணீர் ஏறி, பனிப்போர்வைக்கு அடியில் உறையாமல் சேறுபோல நிற்கும். அந்த இடத்தில் நின்றால் வண்டி அப்படியே உட்கார்ந்துவிடும். கைடு நிற்காமல் போனால் நீங்களும் சீரான வேகத்தில் போய்க்கொண்டே இருங்கள்.

சாலையைக் குறுக்கே கடக்கும் இடங்களில் முழுதாக நின்று, கைடு கையசைத்த பிறகு ஒவ்வொருவராக, நேர்குறுக்காக, மெதுவாகக் கடக்க வேண்டும். தாரின்மேல் ஸ்கீக்களுக்குப் பிடி கிடையாது, ஹேண்டில் சொன்னபடி கேட்காது.

9. பின்னால் உட்காருபவருக்கு

நீங்கள் சும்மா உட்கார்ந்து வரும் ஆள் இல்லை. ஓட்டுபவரின் தோளுக்கு மேலாகப் பாதையைப் பார்த்து, அவர் சாயும் பக்கமே சாயுங்கள். பயத்தில் எதிர்ப்பக்கம் சாய்ந்தால் வண்டி திரும்பாது. பக்கத்தில் கைப்பிடிகள் இருக்கும், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஓட்டுபவரின் கைகளை இழுக்காதீர்கள். குளிர் உங்களுக்குத்தான் முதலில் ஏறும், ஓட்டுபவரைப் போல உங்கள் உடம்பு வேலை செய்வதில்லை. தோளில் இரண்டு தட்டு தட்டினால் நிறுத்த வேண்டும் என்று கிளம்பும் முன்பே இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டுக்குள் கத்தினால் கேட்காது.

10. புதைந்தால், கவிழ்ந்தால்

வண்டி பனியில் புதைந்துவிட்டதா? முதல் காரியம், விரலை எடுங்கள். அழுத்த அழுத்தப் பட்டை தனக்கே குழி தோண்டிக்கொள்ளும். கையைத் தூக்கிக் காட்டிவிட்டுக் காத்திருங்கள். கைடு வந்து ஸ்கீக்களுக்கு முன்னால் இருக்கும் பனியை மிதித்துப் பாதை செய்து, வண்டியைச் சற்று ஆட்டி வெளியே எடுப்பார். உதவும்போது பட்டைக்கு நேர் பின்னால் நிற்காதீர்கள். சுழலும் பட்டை பனிக்கட்டியைக் கல்போல வீசும்.

வண்டி சாய ஆரம்பித்தால் பிடித்து நிறுத்தப் பார்க்க வேண்டாம். விட்டுவிட்டு விலகி விழுங்கள். பனி மென்மையானது, வண்டி அப்படி இல்லை. கயிறு இன்ஜினை அணைத்துவிடும். எழுந்து, உடம்பில் எங்காவது வலிக்கிறதா என்று பாருங்கள். தனியாகத் தூக்கப் போகாதீர்கள். வலி லேசாக இருந்தாலும் கைடிடம் சொல்லிவிடுங்கள். குளிரில் அடி உடனே தெரியாது, சூடான இடத்துக்கு வந்த பிறகுதான் வீங்கும்.

11. நிறுத்தங்களில்

கைடு நின்றதும் வரிசையிலேயே நில்லுங்கள். இன்ஜினை அணைத்து, பார்க்கிங் பிரேக் போட்ட பிறகு இறங்குங்கள். மறுபடி கிளம்பும்போது அதை விடுவிக்க மறக்க வேண்டாம்.

ஒருவர் முகத்தை ஒருவர் பாருங்கள். கன்னத்திலோ மூக்கு நுனியிலோ மெழுகு பூசியதுபோல வெளுத்த திட்டு தெரிந்தால் உறைபனி கடிக்க ஆரம்பித்துவிட்டது. அவருக்கே அது தெரியாது, அந்த இடம் மரத்திருக்கும். தேய்க்கவே கூடாது, பனியை வைத்துத் தேய்ப்பது அதைவிடக் கெடுதல். சூடான உள்ளங்கையை அதன்மேல் அப்படியே வைத்திருங்கள், கைடையும் கூப்பிடுங்கள்.

காகிள்ஸை நெற்றிக்கு ஏற்றாதீர்கள். நெற்றி வியர்வையின் ஆவி உள்ளே படிந்து உறைந்துவிடும், அப்புறம் வழி முழுக்க மங்கலாகத்தான் தெரியும். கழற்றி உடைக்குள் மார்போடு வையுங்கள். உள்பக்கத்தை ஈரக் கையுறையால் துடைக்க வேண்டாம்.

கை குளிர்ந்திருந்தால் கைகளைப் பக்கவாட்டில் நீட்டிப் பெரிய வட்டமாகச் சுழற்றுங்கள். ரத்தம் விரல்நுனிக்கு ஓடும். ஒரு நிமிடத்தில் சூடு தெரியும்.

நின்ற இடத்தில் வண்டி தரையோடு உறைந்து ஒட்டியிருக்கலாம். கிளம்பும் முன் ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பி ஸ்கீக்களைத் தளர்த்துங்கள். ஒட்டியிருப்பது தெரியாமல் ஓங்கி அழுத்தினால், விடுபடும் நொடியில் வண்டி பாயும்.

12. திரும்பி வந்த பிறகு

முகாம் கண்ணுக்குத் தெரிந்ததும் எல்லோருக்கும் கை தளரும், கவனமும் தளரும். கடைசி வளைவில் வேகமெடுக்காதீர்கள். நிறுத்துமிடத்தில் மனிதர்கள் நடமாடிக்கொண்டிருப்பார்கள். நடக்கிற வேகத்தில் உள்ளே வாருங்கள்.

வண்டியை ஒப்படைக்கும்போது கைடுடன் சேர்ந்து ஒரு சுற்றுப் பாருங்கள். எங்காவது உரசியிருந்தால் நீங்களே சொல்லிவிடுங்கள். ஸ்கீ வளைந்திருப்பது அடுத்து ஓட்டப் போகிறவருக்கு ஆபத்து.

போனையும் கேமராவையும் சூடான அறைக்குள் எடுத்துப் போனதும் வெளியே எடுக்காதீர்கள். பைக்குள்ளேயே மூடி ஒரு மணி நேரம் வையுங்கள். சட்டென்று எடுத்தால் லென்ஸுக்கு உள்ளே ஈரம் படிந்துவிடும். உள் அடுக்கு உடை ஈரமாக இருந்தால் உடனே மாற்றுங்கள், வீடு போய் மாற்றிக்கொள்ளலாம் என்று அதோடு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

மறுநாள் காலையில் வலது கட்டைவிரலின் அடிச்சதையும் முன்கையும் வலிக்கும். அடுத்த தடவை இதே அளவு ஓட்டியும் அந்த வலி குறைவாக இருந்தால், ஹேண்டிலைத் தளர்வாகப் பிடிக்கப் பழகிவிட்டீர்கள். அரைநாள் பயணத்துக்குப் பதிவு செய்யலாம்.